முந்நூற்று நான்கு என்று தட்டியது நான்தான்

இரும்பாலை ரோட்டில் எங்கள் பட்டறை.
வாசலில் நின்றால் கஞ்சமலையின் முதுகு தெரியும்.
உள்ளே தகடுகள் சாய்ந்து நிற்கும்,
நீலத்தாள் உரிக்காமல், ஒன்றைப்போல் ஒன்று.
உரித்த எதிலும்
முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.

வாங்க வருகிறவர்கள் பையில் காந்தம் வைத்திருப்பார்கள்.
ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உசத்தி
என்று யாரோ சொல்லிவைத்த கணக்கு.
நானூற்று முப்பது ஒட்டும்.
நானூற்று ஒன்பதும் ஒட்டும்,
வண்டிக்கடியில் சைலன்சராகப் புகை குடித்துக் காலம் தள்ளும்.
முந்நூற்று நான்கு ஒட்டாது.
ஆனால் இருநூற்று இரண்டும் ஒட்டாது.
நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டி
விலை இறக்கிய தகடு.
காந்தத்துக்கு அது தெரியாது.
எனக்குத் தெரியும்.

வாழப்பாடிப் பக்கம் சேகோ ஆலை நடத்தும் செங்கோடன்
காந்தத்தை வைத்தார். வழுக்கி விழுந்தது.
எல்லோருக்கும் டீ சொன்னார்.
“பில்லைப் போடும்மா தில்லைக்கரசி” என்றார்
முதலாளி மாதையன், என் முகத்தைப் பார்க்காமல்.
போட்டேன்.
மூன்று, பூஜ்யம், நான்கு.
இரண்டு பூஜ்யம் இரண்டு தட்டவும்
அதே நேரம்தான் ஆகியிருக்கும்.

சேலத்துக்குக் கடல் கிடையாது.
கிழங்குப் பாலில் பிளீச்சிங் பவுடர் விழும்போதெல்லாம்
தொட்டிக்குள் ஒரு கடல் வந்துபோகிறது.
தகட்டின்மேல் குரோமியம் ஒரு தோல் போர்த்தியிருக்கும்,
கண்ணில் படாத தோல்.
கீறினால் காற்றைக் குடித்துத் தானே ஆறும்.
குளோரைடு அதை ஆறவிடாது.
ஊசிமுனை இடம் கிடைத்தால் போதும்,
அங்கேயே குந்தித் தோண்டும்.

பதினோரு மாதம்.
தொட்டி டெம்போவில் திரும்பி வந்தது.
வெல்டர் ஜேசுராஜ் உள்ளே இறங்கி டார்ச் அடித்தார்.
வெளியே நின்ற எனக்கு
பற்றவைத்த ஓரமெல்லாம் வெளிச்சப் புள்ளிகள்.
ஏழுவரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை.
செங்கோடன் கூட்டிவந்த பையன்
ஒரு சொட்டு மருந்து விட்டு பேட்டரி முனையைத் தொட்டான்.
நான்கு நொடி.
வெற்றிலை போட்ட வாயாகச் சிவந்தது.

மாதையன் தகடு விற்றவனைத் திட்டினார்,
ஆலைத் தண்ணீரைத் திட்டினார்,
பையனின் மருந்தைக்கூடத் திட்டினார்.
ஜேசுராஜ் தொட்டிக்குள்ளிருந்தே பேசினார், குரல் மோதி மோதி:
“முந்நூத்தி நாலே போட்டிருந்தாலும்
இன்னும் ரெண்டு மூணு வருஷம், அவ்வளவுதாங்க.
இந்தத் தண்ணிக்கு முந்நூத்திப் பதினாறு வேணும்,
மாலிப்டினம் சேர்ந்தது.
அவரும் கேக்கலை, நாமளும் சொல்லலை.”

மதியம், பையன் மறந்துபோன குப்பியை எடுத்து
என் டிபன் பாக்ஸின் அடியில் ஒரு சொட்டு விட்டேன்.
பேட்டரியைத் தொட்டேன்.
சிவந்தது.
எட்டு வருஷத் தயிர்சாதம். தினமும் கழுவிக் கவிழ்ப்பேன்.
துருவின் பொட்டு ஒன்றுகூட இல்லை.
அதன்மேல் யாரும் எந்த எண்ணையும் எழுதவில்லை,
அதுவும் தன்னால் ஆனதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.
மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.

நான்கு மணிக்கு அடுத்த பில்.
பால் பண்ணைக்கு இரண்டு தொட்டி.
“போடும்மா” என்றார்.
“என்ன தகடு வருது? நம்பரைச் சொல்லுங்க” என்றேன்.
முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.
வெளியே கிரைண்டர் நின்றுபோயிருந்தது.
திரையில், கிரேடு என்ற கட்டத்தில்,
கோடு ஒன்று
விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.