இன்னும் ஒரு லைப்ரரி

வெள்ளவத்தை, முப்பத்தேழாம் ஒழுங்கை.
பல் வைத்தியருக்கு மேலே இரண்டாம் மாடி,
பத்மலோஜினி அக்காவின் கலியாண சேவை.
ஞாயிறு சேர்வரை மாற்றினோம்.
திங்கள் விடிய
நானூற்றுப் பதினொரு முகங்களும்
சாம்பல் சதுரங்கள்.

படங்கள் தொலையவில்லை அக்கா,
சுருக்கித் தருகிற மொடியூல்தான் புது மெஷினில் இல்லை
என்றேன்.
"அப்ப போடன்" என்றா.

போடலாம்தான்.
மொடியூல், ஜேபெக் எங்கே என்றது.
ஜேபெக்கைக் கூட்டிவந்தேன்.
பிஎன்ஜி எங்கே என்றது.
பிஎன்ஜி வாசலில் நின்றுகொண்டு
ஸீலிப் வராமல் உள்ளே வரமாட்டேன் என்றது.
ஸீலிப்பை இங்கே ஒருவருக்கும் தெரியாது.
எதையும் அமுக்கிச் சின்னதாக்கி வைக்கிற வேலை அதற்கு,
மண்டபத்தில் கதிரை அடுக்குகிறவனைப் போல.
அவன் வராமல்
எந்த வீட்டிலும் தாலி ஏறியதில்லை.

பிறகு பொருத்தம்.
என்னிடம் இருந்த பிஎன்ஜி புதியது,
ஒன்று புள்ளி ஆறு.
மொடியூல் கேட்டது ஒன்று புள்ளி இரண்டு.
இளையது கைவசம் இருக்க
மூத்ததைத்தான் தா என்று ஒற்றைக்காலில் நிற்கிற வரன்
இந்த அலுவலகப் படியேறி வந்ததேயில்லை.
அக்காவுக்குச் சொன்னேன். சிரிக்கவில்லை.
"செவ்வாய் தோஷமோ?" என்று மட்டும் கேட்டா.

செவ்வாய் இரவு
காலி வீதியில் கொத்துத் தகடு அடிபடுகிறது.
கடைசி ரயில் பாணந்துறைப் பக்கம் போகச்
சுவர் அதிர்கிறது, திரையில் வரிகள் ஓடுகின்றன.
எச்சரிக்கை, எச்சரிக்கை, எச்சரிக்கை, பிழை.
கரன்ட் போனது.
யூபிஎஸ் கத்தியது. நானும்.

இதற்கிடையில்
முகங்கள் இல்லாததால்
சனம் வாசிக்கத் தொடங்கியிருந்தது.

இலக்கம் 217. கொட்டாஞ்சேனை. வங்கி வேலை. முப்பத்துமூன்று.
"அதிகம் கதைப்பேன்.
தனியாகப் படம் பார்க்கப் போவேன்.
நண்டு உடைக்கத் தெரிந்தவர் விரும்பத்தக்கது."
ஒன்றரை வருடம் அந்த வரிகள் அங்கேயே கிடந்தவை.
தெஹிவளையிலிருந்து ஒருவர், சுகிர்தன்,
கட்டட அளவையாளராம்,
ஒரே நாளில் மூன்று முறை எடுத்தார்:
இது வீட்டார் எழுதினதோ, அவவே எழுதினதோ?
அவவேதான் என்றா அக்கா.
படம் வரட்டும் தம்பி, பாத்திட்டு முடிவெடுங்கோ.
வியாழன் பின்னேரம் சந்திக்கலாமோ என்று கேளுங்கோ,
என்றார் அவர்.

புதன் இரவு எல்லாம் ஏறிவிட்டன.
ஆனாலும் ஓட்டினால் ஜேபெக்கைக் காணவில்லை என்கிறது.
இருக்கிறது, என் கண்ணால் கண்டேன்.
ஒழுங்கையைச் சொல்லிவிட்டு
வீட்டு இலக்கம் சொல்லாமல் விட்டவர்களைத் தேடி
எத்தனை தரம் அலைந்திருப்பேன் இந்த ஊரில்.
பாதையை ஒரு கோப்பில் எழுதினேன்,
பட்டியலைப் புதுப்பித்தேன்.
இரண்டு நாற்பதுக்கு
ஒரு பிழையும் வரவில்லை.
பிழை வராதபோது திரை ஒன்றுமே சொல்வதில்லை,
வெறும் கோடு ஒன்று சிமிட்டிக்கொண்டு நிற்கும்.

சோதனைக்கு 217ஐ ஓட்டினேன்.
எண்பதுக்கு எண்பது புள்ளிகளில் வந்தாள்.
ஸ்ரூடியோக்காரன் சுவருக்கு அடிப்பதுபோல வெள்ளை அடித்திருந்தான்.
கழுத்து ஒரு நிறம், முகம் வேறு.
வாயை இறுக்கி மூடச் சொல்லியிருக்கிறான்,
மூடியிருந்தாள்.
அதிகம் கதைக்கிற ஒருத்தி
அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை.

சேர்வரை மறுபடி தொடக்க ஒரு சொல் போதும்.
தட்டச்சிட்டேன்.
எழுத்தெழுத்தாக அழித்தேன்.

விடிய அக்கா திறப்போடு வந்தா.
முடிஞ்சுதோ?
இன்னும் ஒரு லைப்ரரி இருக்கு அக்கா.
வெள்ளிக்கிழமை சரிவரும்.
பேர் என்ன அதுக்கு?
வாயில் வந்ததைச் சொன்னேன்.
டயறியைத் திறந்து
வெள்ளிக்கு நேரே கவனமாக எழுதிக்கொண்டா.

கீழே
பல் வைத்தியரின் துளைகருவி தொடங்கியது.