தெருவுக்கு ஒரு வயிறு

கால்வாய்க்கரைத் தெருவிலிருந்து புதன்கிழமை
இருபத்து மூன்று டப்பாக்கள் வந்தன.
நீல மூடி, மேலே என் கையெழுத்தில் பெயரும் வயதும்.
மூக்கைத் துணியால் கட்டுவதில்லை நான்,
பதினோரு வருடத்தில் பழகிவிட்டது.

முதல் கண்ணாடித்துண்டு பேச்சித்தாய், நாற்பத்தெட்டு.
கொக்கிப்புழு முட்டை.
மெல்லிய ஓடு, உள்ளே நாலு அறை.
எண்ணினேன், நாற்பதைத் தாண்டியது.
அடுத்தது அவள் மருமகன். நாற்பதைத் தாண்டியது.
பிள்ளைத்தாய்ச்சி ராஜகனி. அதே.
தபால்காரர். அதே.
எல்லோரும் முந்தின ராத்திரி
வெள்ளரிப்பழம் தின்றிருந்தார்கள்.
எல்லோரும் விதையை மெல்லாமல் விழுங்கியிருந்தார்கள்.

ஒன்பதாவது டப்பாவில் சிரித்துவிட்டேன்.
பதினான்காவதில் சிரிப்பு நின்றது.
ஒரு தெருவுக்குப் போதுமான பூச்சி
ஒரே வயிற்றில் கிடக்கிறதே,
யார் வயிறு?

"பொம்பளையாளு பேரெழுதுன டப்பாவுல
அதப் போட்டு நீட்டவா சொல்லுதீக?
அஞ்சு ரூவா குடுத்தோம். அவன் பாத்துக்கிடுதேன்னான்."

அவன் கொம்பையா. ஏழாம் வகுப்பு.
வாழைக்கட்டை நடுகிற நாளில் பள்ளிக்கூடம் போகாதவன்.
மொத்த வசூல் நூற்றுப் பத்து ரூபாய்,
அவன் டப்பா அவனுக்கு இலவசம்.
"என்னல செஞ்ச துட்ட?"
பையைத் திறந்தான். சிலேட்டுக்குச்சிப் பெட்டிகள், பாதி காலி.
"எழுதவா?"
"திங்க."
கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன்.
வாழைத்தண்டின் உள்நிறம்.

ஏத்தன் தோப்பு வாய்க்கால் சேற்றில்
விரலிடுக்கு அரிக்கும்.
சேற்றுப்புண் என்று மஞ்சள் பூசிப் படுப்பார்கள்.
அது அதற்குள் தோல் கடந்து
ரத்தத்தோடு நெஞ்சுக்குப் போயிருக்கும்.
ஓர் இருமலில் தொண்டை ஏறி, எச்சிலோடு இறங்கி,
குடலைக் கவ்வும்.
சேற்றில் அதை விட்டது
விடியுமுன் வாழைக்குள் ஒதுங்கிய யாரோ.
தெருவில் கக்கூஸ் இருந்தது, கவர்மெண்டு கட்டியது.
உள்ளே வாழைநார் அடுக்கியிருந்தது.

"செல்லாது. கொட்டிட்டு மறுபடி எடுங்க" என்றார் டாக்டர்.
நான் கொட்டவில்லை.
மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு
மினி பஸ் ஏறினேன்.
தார் எடைபோடும் கொட்டகையில் ஒரு பல்பு, ஒரு முக்காலி.
ஒவ்வொருவராகக் குனிந்தார்கள்.
"இது யாருக்க உள்ளது?"
"ஒங்களுக்க உள்ளதுதான். ஒங்க பேருல்லா எழுதியிருக்கு."
பேச்சித்தாய் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.
"நெல்லிக்காய்க்குள்ள சுளை தெரியுத மாதிரி" என்றாள்.
பிறகு நிமிர்ந்து அவனைத் தேடினாள்.
"ஏலே, இம்புட்டையுமா சொமக்க?"

மறுநாள் டப்பாக்கள்
வாழைச்சருகில் பொதிந்து, நாரால் கட்டி வந்தன,
கோயிலுக்குப் பூ கொண்டுபோவது போல.
ஒன்று போல் ஒன்று இல்லை.
பதினாறு பேருக்கு இருந்தது.
ஒரே சாயங்காலம், இருந்தவர் இல்லாதவர் எல்லோரும்,
ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு
மாத்திரையை மென்றார்கள்.
ராஜகனிக்கு மட்டும் டாக்டரிடம் கேட்டு, இரண்டு நாள் கழித்து.

செருப்புக்கு என்னிடம் பதில் இல்லை.
"சேறு புடுங்கிக்கிடும்க்கா" என்றார்கள்.
நம்பாமல் நானே இறங்கினேன்.
ஒற்றைச் செருப்போடு கரையேறினேன்.

சித்திரை வெட்டில்
தார் சுமக்கும் பெண்கள் பதினெட்டுப் பேர்
சும்மாட்டுத் துணியை வரப்பில் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.
பம்புசெட்டுப் பக்கம் ஒரு கக்கூஸ், தண்ணியோட.
இல்லேன்னா தார் மரத்துலயே பழுக்கட்டும்.
இரண்டு நாள் பழுத்தது.
மூன்றாம் நாள் செங்கல் வந்து இறங்கியது.

ஆறு மாதம் கழித்து அடுத்த சுற்று.
கொம்பையா தானே கொண்டுவந்தான், ஒரே டப்பா.
வெள்ளரி விதை இல்லை.
எண்ணினேன். மூன்று.
கண்ணாடியைத் துடைத்து மறுபடி எண்ணினேன். மூன்று.
பூஜ்யம் எழுதத்தான் ஆசை.
மூன்று என்று எழுதி நிமிர்ந்தால்
இன்னும் வாசலில் நிற்கிறான்.
"என்னல?"
"என் டப்பாவுக்கு அஞ்சு ரூவா கெடையாதாக்கா?"