மிதி, விடாதே

இந்த ஹெரால்டுக்கு பிரேக் குழாய்
சேலத்தில் இல்லை, ஓசூரிலும் இல்லை.
ஃபிரிட்ஜ் செம்புக்குழாய் போதுமே என்றார் ஒருவர்;
தொப்பூர் கணவாயில் இறங்காதவர் போல.

கிருஷ்ணகிரி ரவுண்டானா அருகே
ஒரு சுருள் கிடைத்தது, மரை பொருந்தும் நட்டோடு.
பழையதைத் தரையில் கிடத்தி
அதன் வளைவுகளை அப்படியே வளைத்தேன்.
வாய் விரித்ததில் இரண்டு முறை விரிசல்.
மூன்றாவது பிடித்தது.

காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும்.
நான்கு நாளாய்ப் பேசாத ரெஜினா
வந்து ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள்.
மிதி, என்றேன் காருக்கடியிலிருந்து.
மிதித்தாள்.
விடாதே.
ம்.
குப்பியில் குமிழ்கள், பிறகு குமிழே இல்லை.

இப்போ கெட்டியா இருக்கு, என்றாள்,
பெடலை.

நாளை தர்மபுரி தாண்டி
லாரிகளுக்குப் பின்னால் இறங்க வேண்டும்.
அவளும் வருவாளா,
கேட்கவில்லை. நட்டை
இன்னொரு கால் சுற்று முறுக்கினேன்.