முப்பத்தேழாம் பாடம்

ஸ்பீக்கருக்கு முன்னால் போனைச்
சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துத்தான்
முதல் நாற்பது பாடமும் பிடித்தது.
அரசறிவியல். றெஜினோல்டுக்கு ஓகஸ்டில் சோதினை.
அவனுக்குக் கண் தெரியாது.
எனக்குப் பொறுமை இல்லை.

கொம்பியூட்டர்ப் பெண் வாசிப்பாள்.
அவள் முடிக்கும்வரை நான் இருமக்கூடாது,
கதிரையை இழுக்கக்கூடாது,
அம்மா கூப்பிட்டால் கையால்தான் பதில்.
பாசையூர் பஸ்ஸிடம் மட்டும்
ஒன்றும் சொல்ல முடியாது.

எங்கள் எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை.
‘உ+ம்’ வந்தால் “உ கூட்டல் ம்” என்பாள்.
‘யாழ். மாவட்டம்’ வந்தால்
யாழோடு வசனம் முடிந்ததென்று நினைத்து
ஒரு பெருமூச்சளவு நிற்பாள்.
அந்தப் புள்ளிகளைப் பிடுங்கவே
ஒரு சனிக்கிழமை போனது.

பிறகு பன்னிரண்டு வரி எழுதினேன்:
பைலைத் திற, வாசி, ஒலியாய்ச் சேமி,
இலக்கம் போடு, அடுத்ததைத் திற.
இருநூற்றுப் பதினாறு வரை.
இரவு பத்தரைக்குத் தட்டிவிட்டேன்.

சத்தமே இல்லை.
ஒரு மணித்தியாலப் பாடம்
இரண்டரை நிமிஷத்தில்
பெட்டிக்குள்ளேயே வாசித்து முடிகிறது.
விசிறி மட்டும் கொஞ்சம் வேகமாய்ச் சுற்றுகிறது.
நான் இருமிப் பார்த்தேன், வேண்டுமென்றே.
கதிரையையும் இழுத்தேன்.
எதிலும் பதியாது.

விடியப்புறம் கரண்ட் போய்
நூற்றுத் தொண்ணூற்றொன்றோடு நின்றுவிட்டது.
பரவாயில்லை என்று
வந்தவரை பென்றைவில் ஏற்றிக்
குருநகருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் எடுத்தான்.
“நல்ல துப்புரவு மச்சான்.
ஆனால் ஒன்றும் மண்டையில நிக்குதில்லை.
பழைய முப்பத்தேழில
மேல்சபையைக் கலைக்கேக்க பாண்காரன் வாறான்,
அந்தப் பாட்டோட.
சோல்பரி யாப்பு, இருபத்தொன்பதாம் பிரிவு:
உன்ர சுவரில பல்லி சொல்லுது.
கேள்வி வந்தா
நான் பல்லியைத்தான் தேடிப் போவன்.
புதுசில தேடிப் போக
ஒரு பஸ்கூட இல்லையடா.”

உ+ம் திருத்தத் தெரிந்தது.
யாழுக்குப் பக்கத்துப் புள்ளியையும்
எடுக்கத் தெரிந்தது.
பாண்காரனுக்கு
என்ன வரி எழுதுவது?

மிச்சம் இருபத்தைந்து பாடம்.
யன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.
சீனிப் போத்தல் மேசையில், போன் சாய்ந்தபடி.
அவள் தொடங்கிவிட்டாள்.
எறும்பு ஏறுகிறது,
தட்டிவிட்டால் சத்தம் கேட்குமோ என்று
பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.