சனையா, பதினேழாம் தெரு, முதல் வகுப்பு

புத்தகத்தில் யுகி என்றொரு பெண்.
ஏழு மணிக்கு எழுந்து பால் குடித்து
சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள்.
கணக்குப் பிடிக்காது, பாட்டு வகுப்பு பிடிக்கும்.
ஜப்பானுக்குக் கம்பி கட்டப் போகிறவர்கள்
இவளுடைய டைம்டேபிளைத்தான்
மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

தோஹாவில், டயர்க்கடைக்கு மேல், கேம்ப் மெஸ் ஹால்.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவும் சோறும் முடிந்தபின்
பருப்பு வாளி வைத்த ஈரம் காயாத மேசையில்
எட்டுப் பேர். எல்லோரும் எனக்கு மூத்தவர்கள்.
நான் ஆபீசில் டிராயிங் அடுக்குகிற பையன்.
சென்செய் என்று கூப்பிடணும் என்றேன்.
"என்ன செஞ்சே?" என்றார் எஸ்தாக்கி.
அன்று அதற்குமேல் பாடம் நடக்கவில்லை.

பெயர் கூப்பிட்டால் ஹாய் சொல்ல வேண்டும்.
மொகுதூம்? ஹாய்.
யோகராசா? ஹாய்.
சித்திரைவேல்?
உள்ளேன் ஐயா.
நாற்பத்தொரு வயது வாய் தானாகச் சொல்லிவிட்டது.
சொன்னபின் காதுவரை வெட்கம்.

மொழி ஒன்றும் பகை இல்லை.
பாரமெல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான்
நம்ம ஊர் லாரி மாதிரி வினைச்சொல் கிளம்பும்.
கோரே, சோரே, ஆரேயில்தான் மாட்டினோம்.
இது. அது. நடுவில் இன்னொன்று:
உங்கள் பக்கம் இருப்பது, எனக்குத் தள்ளி.
கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன்.
"உதுதானே?" என்றார் யோகராசா, வல்வெட்டித்துறைக்காரர்.
"தம்பியிட்ட இருக்கிற அழிறப்பர். உது."
பத்தாம் வகுப்பில் இரண்டு மார்க்குக்கு எழுதி
அதோடு நான் மறந்த சொல்
அவர் வாயில் வெற்றிலைபோல் புழங்கிக்கொண்டிருந்திருக்கிறது.
அன்று முழுக்க டம்ளரை, செருப்பை, ஒருவர் தொப்பையை ஒருவர்
உது உது என்று சுட்டிக்கொண்டிருந்தார்கள்.

யுகி ஏழு மணிக்கு எழுகிறாள். நீங்கள்?
சான்ஜி ஹான். மூன்றரை.
பஸ்? யோஜி. நான்கு.
புத்தகத்தில் அந்த நேரத்துக்குப் படம் இல்லை.

பிடித்த பாடம்?
மொகுதூமுக்கு அறிவியல்.
சித்திரைவேலுக்குச் சத்துணவு, முட்டை போடும் நாள்.
எஸ்தாக்கி மட்டும் என் ரப்பரை உருட்டிக்கொண்டிருந்தார்.
"ஆறாப்பு பாதி" என்றார். "அப்புறம் உப்பளம்."

யசுமி என்றால் விடுமுறை.
ஓய்வும் அதுதான்.
ஆள் வரவில்லை என்றாலும் அதே சொல்தான்.
ஜூனில் பத்து மணிக்கு மேல் வெயிலென்று
வேலையை நிறுத்தி வைக்கிறார்களே,
அதுவும் யசுமியா தம்பி?
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
இன்னும் சொல்லவில்லை.

போன வெள்ளி எஸ்தாக்கி பெயருக்கு ஹாய் வரவில்லை.
ராஸ் லஃபானுக்கு மாற்றிவிட்டார்களாம்,
ராத்திரியோடு ராத்திரியாக, பெட்டியோடு.
யசுமி தெசு, என்றார்கள் ஏழு பேரும்
ஒரே குரலில், ஒரு பிழையும் இல்லாமல்.
பாராட்டுவதா என்று தெரியவில்லை.

திங்கள் இரவு ஒரு வாய்ஸ் மெசேஜ்.
ஏசி இரைச்சல். பின்னால் யாரோ நேபாளி பேசுகிறார்கள்.
"வதாஷி வா… கக்கோ கா… சுகி தெசு… தெஷிதா."
எனக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருந்தது.
இறந்தகாலம் நான் இன்னும் நடத்தவே இல்லை.
பக்கத்துக் கட்டிலில் கேட்டு வாங்கியிருக்கிறார்.
ஒரு தெசு அதிகம்.

சொல்வதா விடுவதா என்று
செவ்வாய் முழுக்க டிராயிங் அடுக்கினேன்.
இரவு எழுதினேன்: தெசு வேண்டாம், தெஷிதா போதும்.
நீலக்கோடு விழும்போது விடியற்காலை மூன்றரை.
ஹாய், என்று வந்தது.
கூடவே ஒரு படம்:
தடித்த உள்ளங்கை, அதில்
இரண்டு வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த ரப்பர்.