வேறொரு கருவி

முருகேஷ்பாளையா வீட்டில்
புத்தகங்களைப் பிரித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.
சண்டை ஒன்றும் இல்லை.
ஒரே தட்டில்தான் இட்லி சாப்பிட்டிருந்தோம்.
கூடத்தின் நடுவே
உன் கைலியை நீளமாக மடித்துப் போட்டாய்:
சன்னல் பக்கம் எனக்கு, வாசல் பக்கம் உனக்கு.

அட்டை கிழிந்த ருஷ்ய மொழிபெயர்ப்புகள் உனக்கு.
சமையல் குறிப்புகள்
யாரும் கேட்காமலே எனக்கு.
கல்யாணத்துக்கு முன்பு தனித்தனியே வாங்கிய
ஒரே நாவலின் இரண்டு பிரதிகள்.
நல்லதை நீ என் பக்கம் தள்ளினாய்.
நான் உன் பக்கம் தள்ளினேன்.
அது கைலியின் மேலேயே கிடந்தது.

பெட்டியைத் தூக்கிப் பார்த்து
லாரிக்கார மஞ்சப்பா கேட்டார்:
"ஏனம்மா, கல்லா?"
கல் இரண்டு மொழியிலும் கல்தான்.
காகிதம் என்றேன்.
காகிதத்துக்கும் மாடிக்கு நூறு ரூபாய் அதிகம் என்றார்.
கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க
கைலிமேல் கிடந்ததை எடுத்து முட்டுக் கொடுத்தார்.
பூட்டும்போது அதை யார் எடுத்தோம்?
என் பெட்டிகளில் இல்லை.

பதினேழு உனக்கு, பதினான்கு எனக்கு.
கணக்கு முடிந்தது.

முடியவில்லை.
அறுநூற்றுப் பதினான்கு மின்னூல்கள் இருந்தன.
எடை கிடையாது, கரையான் கிடையாது,
என் மின்னஞ்சல், உன் கிரெடிட் கார்டு.
நடுவே கைலி போட்டுப் பிரிக்க
அந்தக் கம்பெனி ஒரு பட்டனும் வைக்கவில்லை.
வக்கீலும் கேட்கவில்லை.
அவர் கிரைண்டரைப் பற்றித்தான் கேட்டார்.

நீ காகிதக் கட்சி.
திரையில் படிப்பது
கண்ணாடிக்குப் பின்னால் நின்று மழையில் நனைவது என்பாய்.
சில்க் போர்டு சிக்னலில்
ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு
எழுநூறு பக்கத்தை மறு கையில் தாங்கிப் பார்,
அப்புறம் பேசு என்பேன்.
வாசனை என்பாய்.
படிப்பது கண்ணா மூக்கா என்பேன்.
ஒருமுறை இந்த வழக்கில் ரசம் பொங்கி
அடுப்பே அணைந்தது.

இப்போது நீ டெல்லியில்.
லக்ஷ்மி நகரில் ஒற்றை அறையாம்,
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சூட்கேஸ் நிற்குமாம்.
பதினேழு பெட்டியும் ஒயிட்ஃபீல்டில்
யாரோ ஒருவரின் கார் ஷெட்டில்.
இதெல்லாம் பிறர் சொல்லித் தெரியும்.

நேற்று ராத்திரி மழை, கரண்ட் இல்லை.
எப்போதோ பாதியில் விட்ட நாவலை ரீடரில் திறந்தேன்.
திரையில் ஒரு சின்னக் கட்டம்:

நீங்கள் இருப்பது 2114-ஆம் இடம்.
வேறொரு கருவியில்
இன்று அதிகாலை 3.12-க்கு
3870-ஆம் இடம்வரை வாசிக்கப்பட்டுள்ளது.
அங்கே செல்லவா?

வேறொரு கருவி.

மூன்று பன்னிரண்டு.
அப்படியானால் நீ தூங்கவில்லை.
அப்படியானால் நீயும் திரைக்கு வந்துவிட்டாய்.
ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல
வீட்டில் ஆள் இல்லை.

என் பதினான்கு பெட்டியில் எதைப் பிரித்தாலும் நீ வருவாய்தான்.
மடக்கேரி பஸ் டிக்கெட்,
மடித்த மூலை, காப்பி வட்டம்.
எல்லாம் நீ இருந்த இடங்கள்.
எந்தக் காகிதமும் இதுவரை சொன்னதில்லை
நேற்று நீ எந்த வரியில் விழித்திருந்தாய் என்று.

'வேண்டாம்' என்று அமுக்கினேன்.
அவர்கள் சமாதானமானார்களா,
அந்தக் குதிரை பிழைத்ததா,
உனக்குத் தெரியும். எனக்கு இன்னும் தெரியாது.
மெதுவாகவே வருகிறேன்.

2131-இல் ஒன்றுமில்லாத ஒரு வரி,
யாரோ யாரிடமோ சொல்வது:
கதவைச் சாத்தாதே, இன்னும் ஆள் வரவேண்டும்.
விரலால் இழுத்து மஞ்சள் பூசினேன்.

நீ பின்னால் புரட்டினால்தான் கண்ணில் படும்.
இந்தக் கருவியில் பின்னால் புரட்டுவது கஷ்டம்.
உன் கட்சியில்
நான் ஒப்புக்கொண்ட ஒரே குறை அதுதான்.