மூன்றாவது ஊசி

இரவு பத்துக்கு மின்சாரம் போகும் என்று
போனில் வந்துவிட்டது.
அதற்குள் இரண்டு கெல்வினுக்கு இறக்கி
ஒரு கோடு வரைந்தெடுக்க வேண்டும்.
கோதுமை மணியளவு குப்பியில்
பாசிநிறத் தூள், பதினெட்டு மில்லிகிராம்.
வெளியே டர்பன் வெக்கை
இன்னும் சுவரை விட்டு இறங்கவில்லை.

பக்கத்து மேசை நொம்வூலாவுடையது.
அவளுடைய நானோத் துகள்கள் சொன்ன பேச்சுக் கேட்பவை.
சுரங்கத் தண்ணீரில் கலந்து விடுவாள்,
ஆர்செனிக்கைத் தேடிப் பற்றிக்கொள்ளும்.
கண்ணாடிக்கு வெளியே ஒரு காந்தத்தை வைத்தால்
கறுப்பெல்லாம் ஓரம் ஒதுங்கும்,
தண்ணீர் தெளியும்.
பத்திரிகையிலிருந்து வந்து படம் பிடித்துப் போனார்கள்.

என் தூளை யார் படம் பிடிப்பார்கள்?
உள்ளே முழுக்க முக்கோணங்கள்,
மூலைக்கொரு சின்ன ஊசி.
பக்கத்து ஊசிக்கு எதிராக நிற்பதே ஒவ்வொன்றின் குணம்.
ஒன்று மேலே பார்த்தால் இன்னொன்று கீழே.
சரி, மூன்றாவது?
மேலே பார்த்தால் இவருக்கு ஆகாது,
கீழே பார்த்தால் அவருக்கு.
ஆங்கிலக்காரன் இதற்கு வைத்த பெயரை
அகராதி ‘விரக்தி’ என்கிறது.
விரக்தி வந்தவன் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவானே.
இது இருதலைக்கொள்ளி எறும்பு,
எவ்வளவு குளிர்வித்தாலும்
உறையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எட்டரைக்குக் கேப்டவுனிலிருந்து பிரகலாதன் அண்ணன்:
சாட்ஸ்வொர்த் வீட்டை விற்றுவிடலாம், கையெழுத்துப் போடு.
ஒன்பதுக்குத் தங்கை லோகேஸ்வரி:
விற்றால் என் முகத்தில் விழிக்காதே.
அம்மா இருந்தவரை மூவரும் ஒரு பக்கம்தான் பார்த்தோம்.
புலம் என்று பாடத்தில் சொல்வோம்.

இதனால் என்ன பயன் என்று
மானியக் குழு கேட்டிருந்தது. எழுதிக் கொடுத்தேன்:
வலுவான புலத்தில் ஊசிகளை வரிசையாக நிறுத்திப்
பிறகு புலத்தை மெல்ல விலக்கினால் அவை கலையும்.
கலைவதற்கு வேண்டிய சூட்டைப்
பக்கத்தில் இருப்பதிடமிருந்து எடுத்துக்கொள்ளும்.
பக்கத்தில் இருப்பது குளிரும்.
ஹீலியம் வாங்கிக் கட்டுப்படியாகாத ஊருக்கு
இது ஒரு குளிர்பெட்டி.

எழுதும்போதே சிரிப்பு வந்தது.
அண்ணன் கத்தத் தொடங்குவான்,
தணிந்துதான் போனை வைப்பான். தங்கையும் அப்படியே.
பிறகு எனக்குத்தான் வயிறு காந்தும்.

பத்துக்கு நான்கு நிமிடம் இருக்கையில் இரண்டு கெல்வின்.
கோட்டில் மேடு இல்லை, முறிவு இல்லை.
கம்ப்ரசர் நின்றது.
பேட்டரியில் ஓடும் மீட்டரில் மட்டும்
மூன்று, ஏழு, பதினொன்று.
நொம்வூலா டார்ச் அடித்துக் கேட்டாள்:
எந்தப் பக்கம் நின்றது?
நிற்கவில்லை என்றேன்.

சாட்ஸ்வொர்த்திலும் இப்போது இருட்டுதான்.
அம்மாவின் ஃப்ரிட்ஜ் ஓய்ந்திருக்கும்.
அதன் கதவில் மாம்பழ வடிவக் காந்தம்
மின்சாரம் கேட்காமல்
அம்மா பெயருக்கு வந்த தண்ணீர் பில்லைப்
பிடித்துக்கொண்டிருக்கும்.
கெடு போன வாரமே முடிந்தது.